கெபாசிட்டரில் 500 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள், எனக்கு 2,640 ரூபாய் போச்சு

கை இன்னும் நாறுகிறது, மீன் கழுவிய தண்ணீர் மாதிரி. பெரியப்பா சவுண்ட் சர்வீஸ் நடத்திய காலத்து வால்வு ஆம்ப்ளிஃபையரில் புதிதாகப் போட்ட, டிசி வோல்டேஜைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் நேற்று ராத்திரி வெடித்து, மேஜையெல்லாம் அலுமினியத் தாளும் ஈரக் காகிதமும். நான்கு கெபாசிட்டர், ஒன்று 640, கூரியர் 80, ஆக 2,640 ரூபாய்.

கணக்கில் நான் தப்பு பண்ணவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். டிரான்ஸ்ஃபார்மரில் 300-0-300 ஏசி (நடுக் கம்பியிலிருந்து இரு பக்கமும் 300), உச்ச வோல்டேஜுக்கு 1.414ஆல் பெருக்கினால் 424 வோல்ட் டிசி. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றிவிட்டு யாரோ எப்போதோ சிலிக்கான் டையோடு போட்டிருக்கிறார்கள், அதனால் சுவிட்ச் போட்டதுமே முழு வோல்டேஜும் ஏறி, மற்ற வால்வுகள் சூடாகி கரண்ட் இழுக்கும்வரை அப்படியே நிற்கும். எங்கள் தெருவில் பத்து மணிக்கு மேல் லைன் 230க்குப் பதில் 245 வரும். அப்போது 452. 450 வோல்ட் கெபாசிட்டரே பத்தாது என்றுதான் 500 தேடினேன்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வரும் செலவை யோசித்து, உதிரிபாகம் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் கேட்டேன். டேட்டா ஷீட் இருக்கா என்றதற்கு, "ஒரிஜினல் ஜப்பான் சரக்கு சார், தைரியமா போடுங்க, ஆம்ப் பண்றவங்க எல்லாம் நம்மகிட்டதான் வாங்குறாங்க" என்று பதில். அந்த "தைரியமா போடுங்க"வில்தான் விழுந்தேன். பார்சலைப் பிரித்தபோது பழையதும் இதுவும் ஒரே பருமன், ஆனால் இது காலி டப்பா மாதிரி லேசு. அப்போதே உறுத்தியது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், மடையன்.

முதலில் சீரியஸ் லேம்ப் (கரண்டைக் கட்டுப்படுத்த வரிசையில் ஒரு பல்பு) போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. சரி என்று, வால்வுகளைச் செருகாமலே நேரடியாகக் கொடுத்தேன். மூன்றாவது நிமிடம் சீறல், அப்புறம் டமால். மிச்சமிருந்ததில் ஒன்றை ஹேக்ஸா பிளேடால் அறுத்தால், பெரிய டப்பாவுக்குள் கட்டைவிரல் அளவில் இன்னொரு கெபாசிட்டர், பசை வைத்து ஒட்டியிருக்கிறது. அதன் மேல் 400 வோல்ட் என்று பளிச்சென்று போட்டிருக்கிறது!

காலையில் போட்டோ அனுப்பினேன். சால்டர் பண்ணிய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். அறுத்ததைக் காட்டினால், பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருப்பீர்களாம். மூன்றாவது தடவை, "நல்ல டெக்னீஷியனிடம் காட்டவும்". 19 வருஷமாக நான்தானய்யா அந்த டெக்னீஷியன். கடைசியில் 100 ரூபாய் கூப்பன் கொடுத்து புகாரை மூடிவிட்டார்கள். 2,640 ரூபாய்க்கு 100 ரூபாய் கூப்பன்.

எப்படித் தேர்வு செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. சுருக்கமாக: ஓடும்போது வரும் வோல்டேஜை வைத்து ரேட்டிங் பார்க்காதீர்கள், லோடு இல்லாமல் லைன் ஏறியிருக்கும்போது வருவதைப் பாருங்கள். வந்த சரக்கை எடை போடுங்கள். மாட்டுவதற்கு முன் 100 கே (கிலோ ஓம்), 5 வாட் ரெசிஸ்டர் வழியாக 500 வோல்ட் டிசி கொடுத்து, கெபாசிட்டரில் ஏறும் வோல்டேஜை மீட்டரில் பாருங்கள், 400 பக்கத்தில் நின்று ஏறாமல் அடம்பிடித்தால் அது குப்பை. தொடும் முன் டிஸ்சார்ஜ் பண்ணுங்கள். மீதி அப்புறம், ஆம்ப் எங்கே என்று பெரியப்பா நாலு தடவை கூப்பிட்டுவிட்டார்.