குளிரில் வீட்டு பீர்: பெல்ட்டா, தண்ணீர்த் தொட்டியா, பழைய ஃப்ரிட்ஜா?

நவம்பர் பிறந்துவிட்டால் இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் போடுகிறவர்களுக்கு ஒரே கவலைதான். வாளியில் இருக்கும் 23 லிட்டரை 18–20 டிகிரியில் எப்படி நிறுத்துவது? ஏல் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட்டுக்கு அந்தச் சூடு வேண்டும். 14, 15-க்கு இறங்கினால் பல ஈஸ்ட்டுகள் சோம்பிப்போய், வேலையைப் பாதியில் விட்டு அடியில் படிந்துவிடும். எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: எவ்வளவு சூடேற்றும் என்று பார்க்காதீர்கள், தானாக நிற்குமா என்று பாருங்கள்.

காரணம் இருக்கிறது. நொதிக்கும்போது பீரே சூட்டைக் கிளப்பும். முதல் இரண்டு மூன்று நாளில் வாளிக்குள் இருப்பது அறையைவிட மூன்று நாலு டிகிரி கூடுதலாகவே இருக்கும். அப்போது வெளியிலிருந்தும் சூடு கொடுத்தால் 25-ஐத் தாண்டி, தூக்கலான பழவாசமும் தொண்டையைக் காந்தும் கன ஆல்கஹால்களும் வந்து சேரும். நுரை அடங்கிய பிறகு நிலைமை தலைகீழ். வாளி ஆறத் தொடங்கும். வெண்ணெய் வாடை தரும் டையசெட்டைலை ஈஸ்ட் தின்று தீர்ப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அந்த நேரத்தில் குளிர்ந்தால் வாடை பீரிலேயே தங்கிவிடும்.

இட்லி மாவை விளக்குப் போட்ட ஓவனுக்குள் வைத்துப் பொங்கவிடும் வழக்கம் இங்குள்ள நம் வீடுகளில் உண்டு. அந்தச் சூடு மாவுக்குச் சரி, பீருக்கு அதிகம். ரேடியேட்டர் பக்கத்தில் வைப்பதும் வேண்டாம். மாலையில் கொதித்து நள்ளிரவில் அணைந்துவிடும் அதை நம்பினால் வாளி ஏறி ஏறி இறங்கும். கம்பளி சுற்றுவது நல்லது, ஆனால் அது இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர, புதிதாகத் தராது.

கடையில் முதலில் கண்ணில் படுவது வாளியைச் சுற்றிக் கட்டும் மின்சார ஹீட் பெல்ட். விலை குறைவு, சுமார் 25 வாட், நாள் முழுக்க எரிந்தாலும் 0.6 யூனிட்தான். 23 லிட்டரை ஒரு டிகிரி ஏற்றவே ஏறக்குறைய 27 வாட்-மணி வேண்டும். பெல்ட்டின் சூட்டில் நல்ல பங்கு அறைக்கே போய்விடுவதால், ஆறிப்போன வாளியை மீட்க அரை நாளுக்கு மேலும் ஆகலாம். அதைவிடப் பெரிய குறை, சாதாரண பெல்ட்டில் சூட்டைப் பார்த்துத் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் கிடையாது. வாளியில் மேலே ஏற்றிக் கட்டினால் சூடு குறையும், கீழே இறக்கினால் கூடும், அவ்வளவுதான் கட்டுப்பாடு. கண்ணாடி ஜாடியில் கட்டவே கூடாது. ஓரிடம் மட்டும் சூடேறினால் விரிசல் விடும்.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு என் தேர்வு தண்ணீர்த் தொட்டி. தோட்ட வேலைக்கு விற்கும் பெரிய ரப்பர் தொட்டியில் வாளியை இறக்கி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மீன் தொட்டி ஹீட்டர் ஒன்றைப் போட்டால் போதும். 100 வாட், தெர்மோஸ்டாட் உள்ளேயே இருக்கும். சுற்றியிருக்கும் தண்ணீர் சூட்டைச் சமமாகக் கொடுக்கும், முதல் நாட்களில் பீர் கிளப்பும் சூட்டையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். இரண்டு எச்சரிக்கை. எரியும் ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே வந்தால் கண்ணாடி உடையும், எனவே கையை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். வாளியின் குழாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் அதன் மூக்கில் தொட்டித் தண்ணீர் தேங்கும். பாட்டிலில் நிரப்பும் முன் கிருமிநாசினி அடிக்காமல் திறக்காதீர்கள்.

இடமிருந்தால் மறுபேச்சில்லை, பழைய ஃப்ரிட்ஜ்தான். தட்டுகளைக் கழற்றிவிட்டு, கீழே கிரீன்ஹவுஸுக்கு விற்கும் 45 அல்லது 60 வாட் ட்யூப் ஹீட்டரை வையுங்கள். சென்சார் காட்டும் சூட்டைப் பார்த்து மின்சாரத்தைத் தானாகப் போட்டு அணைக்கும் இங்க்பேர்ட் ஐடிசி-308 போன்ற கன்ட்ரோலரில் இரண்டு சாக்கெட் உண்டு, ஒன்றில் ஃப்ரிட்ஜ், மற்றதில் ஹீட்டர். சென்சாரை உள்ளே காற்றில் தொங்கவிடுவதுதான் பலரும் செய்வது. காற்று சட்டென்று சூடாகும், பீர் மெதுவாகத்தான் ஏறும், ஆகவே ஹீட்டர் அணைந்து அணைந்து எரியும். வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோமை வைத்து டேப் போடுங்கள். அப்போதுதான் அது பீரின் சூட்டைப் படிக்கும். ஃப்ரிட்ஜின் சுவரே சூட்டைக் காப்பதால், 5 டிகிரி கராஜிலும் ஹீட்டருக்கு வேலை குறைவு. ஜூலையில் இதே பெட்டி குளிர்விக்கவும் செய்யும்.

எதுவும் வாங்காமல் ஈஸ்ட்டை மாற்றுவதும் ஒரு வழி. நாட்டிங்காம் என்ற ஏல் ஈஸ்ட் 10 டிகிரிக்கு மேல் தாங்கும். குளிரில் நொதிக்கும் லாகர் பீருக்கான டபிள்யூ-34/70 ஈஸ்ட்டுக்கு 12, 13 டிகிரி அறையே பொருத்தம். ஈஸ்ட் கூடுதலாகப் போட வேண்டும், பொறுமையும் வேண்டும். முடியும் தறுவாயில் வெண்ணெய் வாடை தீர இரண்டு நாள் 16–18 டிகிரி அறைக்கு மாற்றினால் போதும்.

பெல்ட் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த செலவாக கன்ட்ரோலரை மட்டும் வாங்கி, அதன் ஹீட்டர் சாக்கெட்டில் பெல்ட்டைச் சொருகுங்கள். ஃப்ரிட்ஜ் கிடைக்கும்போது அதே கன்ட்ரோலர் அங்கேயும் உதவும்.