ஜூமில் குலுங்கும் ட்ரோன் வீடியோ: ப்ரொப்பெல்லரா, என்டி ஃபில்டரா, மென்பொருளா?

24 மி.மீ. குவியத்தூரத்தில் (ஃபோக்கல் லெங்த்) அசையாமல் நிற்கும் ட்ரோன் காட்சி 48-க்கு ஜூம் செய்ததும் குலுங்கினால், லென்ஸ்தான் பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆட்டம் முன்பே இருக்கிறது, ஜூம் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். டிஜேஐ மாவிக் 2 ஜூமில் 4கே எடுக்கும்போது கேமரா 0.05 டிகிரி அசைந்தால், 24 மி.மீ.யில் படம் ஏறக்குறைய 2 பிக்சல் நகரும்; 48-இல் நாலரை. மாவிக் 3-இன் 162 மி.மீ. டெலி லென்ஸில் அதே அசைவு 15 பிக்சல்.

இதற்கு மூன்று வைத்தியங்கள் புழக்கத்தில் உள்ளன. என் ஓட்டு ப்ரொப்பெல்லருக்கும், கேமராவுக்கு அதிர்வு போகாமல் தாங்கும் டேம்பர் ரப்பருக்கும்தான். மற்ற இரண்டும், அதாவது மென்பொருளும் என்டி ஃபில்டரும், நடுக்கத்தை நிறுத்துவதில்லை.

மென்பொருளில் தொடங்குவோம். டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருள்களில் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் வசதி ஃப்ரேமை மொத்தமாக நகர்த்திச் சரிசெய்யும். காற்றில் மெல்ல ஊசலாடும் காட்சிக்கு அது நன்றாகவே உதவும். ஜெல்லி ஆட்டம் வேறு. சென்சார் வரிவரியாகப் படிப்பதால், ஒரே ஃப்ரேமுக்குள் மேல்வரி ஒரு பக்கமும் கீழ்வரி மறுபக்கமும் இழுபட்டுக் கம்பம் பாம்பாக நெளியும். அதை நிமிர்த்தப் பார்த்தால் ஓரம் வெட்டுப்படும், நடுவில் நெளிவு மிச்சமிருக்கும். ஜைரோஃப்ளோ அருமையான இலவச மென்பொருள். ஆனால் ஜைரோ (சுழற்சி உணரி) தரவைப் பதிவுசெய்யும் கேமராவாக இருந்தால்தான் பயன்.

லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர் இதைவிட மேல். மோட்டார் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால், சமநிலை கெட்ட ப்ரொப்பெல்லர் நொடிக்கு 100 முறை உதறும். ஷட்டர் 1/1600 நொடி என்றால் ஒவ்வொரு வரியும் அந்த உதறலின் வெவ்வேறு கட்டத்தில் உறைகிறது. 1/50-க்கு இறக்கினால் ஒரே எக்ஸ்போஷருக்குள் இரண்டு முழு உதறல் அடங்கி நெளிவு கரைந்துவிடும். பதிலுக்குப் படத்தின் கூர்மை கொஞ்சம் போகும். உச்சிவெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப்/2.8 என்றால் ஷட்டர் 1/3200 கேட்கும். 1/50-க்கு வர என்டி64 வேண்டும். 48-க்கு ஜூம் செய்தால் அப்பெர்ச்சர் எஃப்/3.8 ஆகிவிடுவதால் என்டி32 போதும். அந்த மாடலுக்கென்றே வரும் எடை குறைந்த ஃபில்டரை ட்ரோனை ஆன் செய்வதற்கு முன்பே மாட்டுங்கள். கனமான கண்ணாடி முன்பக்கம் இழுத்தால் கேமராவை நிலையாகப் பிடித்திருக்கும் கிம்பலின் மோட்டார் திணறும், அதனாலேயே புது நடுக்கம் வரும்.

இனி ப்ரொப்பெல்லர். அது தேயும் பொருள், டயர் மாதிரி. பலர் உடைந்தால்தான் மாற்றுகிறார்கள். ஜூம் கேமராவுக்கு அது ரொம்பத் தாமதம். பிளேடின் முன்விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அதை ஒதுக்கிவிடலாம். மடிப்பருகே வெளிறிய கோடு தெரிந்தாலும் அப்படியே. ஒரு ப்ரொப்பெல்லரின் இரண்டு பிளேடும் ஒரே இறுக்கத்தில் விரிய வேண்டும். ஒன்று மட்டும் இறுகியிருந்தால் சுற்றும்போது முழுசாக விரியாமல் உதறும். பழைய பிளேடையும் புதிய பிளேடையும் ஒரே மோட்டாரில் கலந்து மாட்டாதீர்கள்.

சோதனைக்குக் காற்றில்லாத காலை நேரம் நல்லது. முதலில் ப்ரொப்பெல்லர் சுழலாமல், சமதளமான மேசையில் வைத்து 48 மி.மீ.யில் பதிவுசெய்யுங்கள். அங்கேயே நடுங்கினால் கோளாறு கிம்பலில்; ப்ரொப்பெல்லருக்குச் செலவழித்துப் பயனில்லை. மேசையில் சரியாக இருந்தால் ஃபில்டரைக் கழற்றி, ஷட்டரை 1/1000-க்கு மேல் வைத்து, 3 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, ஒரு மின்கம்பத்தின் ஓரத்தை 20 நொடி எடுங்கள். நான்கு ப்ரொப்பெல்லரையும் புதிதாக மாற்றி அதே ஷாட்டைத் திரும்ப எடுங்கள். நெளிவு நின்றுவிட்டால் பழையவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிப் பார்த்தால் குற்றவாளி சிக்கும்.

நிற்கவில்லையா? ட்ரோனை அணைத்துவிட்டு கிம்பல் தட்டின் ஒவ்வொரு மூலையையும் விரலால் லேசாக அழுத்துங்கள். எல்லா மூலையும் ஒரே மாதிரி மீள வேண்டும். ஒரு மூலை தொங்கினால் ரப்பரின் கழுத்து துளையிலிருந்து நழுவியிருக்கும். முனை மழுங்கிய ட்வீசரால் இழுத்துப் பொருத்தலாம், கூர்முனை ரப்பரைக் கிழித்துவிடும். ரப்பர் இறுகிப்போயிருந்தால் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். அதற்குப் பிறகும் நெளிந்தால் மோட்டார்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ பக்கவாட்டு ஆட்டமோ இருந்தால் அந்த மோட்டாரின் பேரிங் போய்விட்டது.

கிம்பல் காலிபரேஷன் அடிவானச் சாய்வுக்கான மருந்து. ஜெல்லி ஆட்டத்துக்கு அதைப் பத்து முறை செய்தாலும் மாற்றம் இருக்காது.