சைலேஜ் தின்னும் கறவை மாடுகளுக்கு உயிருள்ள ஈஸ்ட் தூள்

பண்ருட்டி அருகே உள்ள எங்கள் தொழுவத்தில், பசும்புல் கிடைக்காத கோடையில் கலப்பின ஜெர்சி மாடுகளுக்கு மக்காச்சோளச் சைலேஜே (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) முதன்மைத் தீவனம். அதனுடன் சேர்த்துக் கொடுக்கக் கடலூரில் ஒரு தீவனக் கடையில் வாங்கிய உயிருள்ள ஈஸ்ட் தூளைப் பற்றியது இம்மதிப்புரை.

நல்ல சைலேஜின் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4-ஐ ஒட்டியிருக்கும். மாட்டின் முதல் வயிற்றிலோ அது 6-க்குக் கீழே போகாமல் இருந்தால்தான் நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் செழிக்கும். ஆயினும் சைலேஜின் புளிப்பைவிட, அதிலுள்ள மக்காச்சோள மணிகளின் மாவும், தானியமும் புண்ணாக்கும் சேர்ந்த அடர் தீவனமும் வயிற்றுக்குள் விரைந்து நொதித்து உண்டாக்கும் அமிலமே பெரிய சுமை. அந்த அமிலம் மிகும்போது அசைபோடுவது குறைந்து, சாணம் இளகி, பாலில் கொழுப்பும் இறங்கிவிடுகிறது. ஈஸ்ட், தீவனத்தோடு உள்ளே செல்லும் சிறிதளவு ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டு, காற்றை விரும்பாத நார் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கும், லாக்டிக் அமிலத்தை உண்டு தீர்க்கும் பாக்டீரியாக்களுக்கும் துணை செய்கிறது.

தீவன அளவை மாற்றாமல் இதை மட்டும் சேர்த்ததில், உச்சக் கறவையில் இருந்த மாடுகளின் சாணம் இறுகியது. படுத்து அசைபோடும் நேரம் கூடியது. பால் சங்கத்தில் பார்க்கும் கொழுப்பு அளவும் சற்று ஏறியது. கறவை வற்றும் நிலையிலிருந்த மாடுகளில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அவற்றுக்கு இதை வாங்குவது வீண் செலவு என்றே கருதுகிறேன்.

சாணத்தில் முழு மணிகள் வந்தால் அதை எந்த ஈஸ்ட்டும் சரிசெய்யாது; அறுவடையின்போதே மணிகளை உடைத்திருக்க வேண்டும். வைக்கோலையும் நிறுத்திவிடக் கூடாது. அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீரிலேயே அமிலத்தை முறிக்கும் சோடா உப்பு இருக்கிறது. நீண்ட நார் இல்லையேல் அசையும் இல்லை, உமிழ்நீரும் இல்லை.

இப்பொருளில் எனக்குள்ள பெரிய குறை அதன் உறைதான். ஒரு கிராமில் உயிருள்ள செல்கள் எத்தனை என்பது அச்சிடப்படவில்லை. காலாவதி நாளும் மங்கலாகவே இருக்கிறது. வெப்பமும் ஈரமும் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும் என்பதால், கடலோர வெயிலில் தகரக் கூரையின் கீழ் அடுக்கி வைத்த பொட்டலத்தை நம்பி வாங்க முடியாது. செல் எண்ணிக்கை தெளிவாக உள்ள சிறிய பொட்டலமாகக் கேட்டு வாங்கி, மூடியுள்ள டப்பாவில் நிழலில் வைத்து, ஆறிய தவிட்டிலோ அடர் தீவனத்திலோ கலந்து கொடுங்கள். கொதிக்கும் கஞ்சியில் போட வேண்டாம்.