கையடக்க மானிட்டர்: கிளைத் தணிக்கைப் பயணங்களில் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

வங்கிக் கிளைத் தணிக்கைக்காக ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஊர் ஊராகச் செல்லும் எனக்கு, மடிக்கணினியோடு இரண்டாவது திரையாக இணைத்துக்கொள்ளும் மெல்லிய கையடக்க மானிட்டர் சில ஆண்டுகளாகவே பையில் நிரந்தரமாக இருக்கும் பொருளாகிவிட்டது. மார்ச் 31-இல் கணக்கு முடிந்த கையோடு தொடங்கும் இந்த வேலையில், கடன் கணக்கின் விவரத்தையும் ஒப்புதல் கடிதம் அல்லது பத்திர நகலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, எக்செலில் குறிப்பெடுத்துக்கொண்டே போக வேண்டும். 14 அங்குல மடிக்கணினித் திரையை மட்டும் நம்பிச் சாளரங்களை மாற்றி மாற்றிப் பார்த்தால் நேரம் வீணாவதோடு, எண்ணை மாற்றிப் படித்துவிடும் வாய்ப்பும் கூடுகிறது. எட்டாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு மானிட்டரைத் தேடுபவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, இந்த விலையில் விளம்பரங்கள் பெரிதாகக் காட்டும் அம்சங்களைவிட, ஒரே கேபிளில் அது இயங்குகிறதா, மேசையில் ஆடாமல் நிற்கிறதா என்பவைதாம் முக்கியம் என்பதே. எடுத்து மாட்டுவதற்குச் சிரமமான மானிட்டரை முதல் மாதத்திற்குப் பிறகு யாரும் பையிலிருந்து எடுப்பதில்லை.

ஆகவே, மானிட்டரைத் தேடுவதற்கு முன் உங்கள் மடிக்கணினியின் டைப்-சி துளையைப் பாருங்கள். டைப்-சி வடிவில் இருப்பதாலேயே அது படத்தை வெளியே அனுப்பிவிடும் என்று கருத முடியாது. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி அந்தத் துளைக்கு இருந்தால்தான் ஒரே கேபிளில் படமும் மின்சாரமும் சேர்ந்து மானிட்டருக்குப் போகும். துளைக்கு அருகில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருந்தால் கவலையில்லை. சின்னம் எதுவும் இல்லாவிட்டால், நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான விவரப் பட்டியலைத் திறந்து, அந்தத் துளையைப் பற்றிய வரியில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் டைப்-சி துளை தரவுப் பரிமாற்றத்திற்கு மட்டுமே உதவும். அப்படியானால், படத்தையும் ஒலியையும் கொண்டுசெல்லும் ஹெச்டிஎம்ஐ வழியாகத்தான் இணைக்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ மானிட்டரை இயக்கும் அளவுக்கு மின்சாரம் தராது என்பதால் மின்சாரத்திற்கு இன்னொரு கேபிளும் தேவைப்படும். பெரும்பாலான கையடக்க மானிட்டர்களில் இருப்பது மினி ஹெச்டிஎம்ஐ துளை. அதற்கான கேபிள் சிறிய ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது என்பதால், பெட்டியோடு வந்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

கேபிளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கைபேசி சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0 என்ற பழைய, வேகம் குறைந்த வகையைச் சேர்ந்தவை. மின்சாரத்தை நன்றாகக் கடத்தினாலும், படத்தைக் கொண்டுசெல்லும் அதிவேகக் கம்பிகள் அவற்றுக்குள் இருப்பதில்லை. மானிட்டரில் விளக்கு எரிந்தும் ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பே வருகிறது என்று கடைகளில் புகார் சொல்பவர்களில் பலருக்குக் கோளாறு கேபிளில்தான் இருக்கிறது. நான் மானிட்டருடன் வந்த கேபிளில் ஒரு வண்ண டேப்பைச் சுற்றி, மற்றவற்றோடு கலந்துவிடாமல் தனிப் பையில் வைத்திருக்கிறேன்.

மின்சாரச் செலவைக் கிளை அலுவலகங்களில்தான் உண்மையாக உணர முடிந்தது. 15.6 அங்குல முழு ஹெச்டி (1920×1080 பிக்சல்) மானிட்டர் நல்ல வெளிச்சத்தில் எட்டு முதல் பத்து வாட் வரை இழுக்கும். 50 வாட்-மணி பேட்டரி உள்ள மடிக்கணினி சாதாரண அலுவலக வேலைக்கு சராசரியாகப் பத்து வாட் செலவழித்து ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மானிட்டரை அதிலேயே மாட்டியதும் அது மூன்று மணி நேரத்திற்கும் கீழே வந்துவிடும். சார்ஜரை மானிட்டரின் இரண்டாவது டைப்-சி துளையில் செருகினால், தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை மடிக்கணினிக்கு அனுப்பும் மாடல்கள் இந்த விலையிலேயே கிடைக்கின்றன. ஆனால் அதற்கு 65 வாட் சார்ஜராவது வேண்டும், 45 வாட்டில் வேலை நேரத்தில் மடிக்கணினிக்குப் போதிய மின்சாரம் மிஞ்சாது. இந்த ஏற்பாட்டில் ஒரு தொல்லையும் உண்டு. மின்வெட்டு வந்து இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்த நொடியில், மானிட்டரும் மடிக்கணினியும் மின்சாரத்தை யார் யாருக்குத் தருவது என்று புதிதாகப் பேசி முடிவு செய்வதால், திரை இரண்டு மூன்று விநாடி கறுத்து, திறந்திருந்த சாளரங்கள் எல்லாம் மடிக்கணினித் திரைக்குத் தாவிவிடும். விண்டோஸ் 11-இல் மானிட்டர் மீண்டும் இணைந்ததும் அவை பழைய இடத்திற்கே திரும்புகின்றன. விண்டோஸ் 10-இல் ஒவ்வொன்றையும் கையால் இழுத்து வைக்க நேர்ந்தது. மின்வெட்டு மிகுந்த ஊர்களில் சார்ஜரை மடிக்கணினியில் நேராகச் செருகி, மானிட்டரை மடிக்கணினியிலிருந்து இயக்குவதே நிம்மதி என்று இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

வெளிச்ச அளவைப் பொறுத்தவரை, விவரப் பட்டியலில் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்று போட்டிருப்பதை மேல்வரம்பாகக் கொள்ளுங்கள். மடிக்கணினியிலிருந்து மட்டும் மின்சாரம் பெறும்போது பல மாடல்கள் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஜன்னலோர மேசையில், ஏப்ரல் வெயிலில், 250 நிட்ஸ் மானிட்டரில் எழுத்துகளைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். பளபளக்கும் கண்ணாடித் திரையைத் தவிர்த்து மேட் பூச்சுள்ள திரையை வாங்குவது இதற்குப் பாதித் தீர்வு. தங்கும் விடுதிகளில் மேசை என்று இருப்பது பெரும்பாலும் கண்ணாடி பதித்த அலங்கார மேசைதான் என்பதால், விளக்கொளி அந்தக் கண்ணாடியில் பட்டு முகத்தில் அடிக்கும். அங்கும் மேட் திரையே கைகொடுக்கிறது.

நிறத்தில் கவனிக்க வேண்டியது ஒரே எண்தான். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதை என்டிஎஸ்சி என்ற அளவுகோலில் சதவீதமாகச் சொல்வார்கள். 45 சதவீத என்டிஎஸ்சி என்று போட்டிருக்கும் திரைகள் வெளிறித் தெரியும். 72 சதவீதம் என்றால் அது ஏறத்தாழ கணினித் திரைகளுக்கான பொது நிற வரம்பான எஸ்ஆர்ஜிபி முழுவதற்கும் சமம். படங்களைத் திருத்தாத எனக்கு நிறம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். எக்செலில் ஐயத்திற்குரிய கணக்குகளுக்கு நான் இளமஞ்சள் நிறம் கொடுப்பது வழக்கம். முதலில் வைத்திருந்த 45 சதவீதத் திரையில் அந்த மஞ்சள் வெள்ளையோடு கலந்து கண்ணுக்கே தெரியாமல் போனது. ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக்காட்டும் ஹெச்டிஆர் என்ற சொல்லை இந்த விலையில் பொருட்படுத்த வேண்டாம். அதை இயக்கினால் திரை இன்னும் மங்கலாகத் தெரிவதே மிச்சம்.

முழு ஹெச்டியைவிட நான்கு மடங்கு பிக்சல்கள் கொண்ட 4கே திரைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். இந்த அளவுத் திரையில் 4கே எழுத்துகளைப் படிக்க 200 சதவீதம் பெரிதாக்க வேண்டும். அப்போது முழு ஹெச்டி திரையில் தெரியும் அதே அளவு தகவல்தான் தெரியும், எழுத்து கூர்மையாக இருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு, மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். அந்தப் பணத்தை 16 அங்குல 1920×1200 திரைக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. உயரத்தில் கூடும் 120 பிக்சல்கள், இயல்பான அளவில் எக்செலின் ஆறு வரிசைகளுக்குச் சமம். மேக்புக் வைத்திருப்பவர்கள் வேறு கோணத்தில் யோசிக்க வேண்டும்: 2018-இல் வந்த மொஹாவே என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல் சாதாரணத் தெளிவுள்ள திரைகளில் மேக்கின் எழுத்துகள் சற்றே கலங்கித் தெரிவதால், அவர்களுக்குக் கூடுதல் தெளிவுள்ள திரை பயன்படும். எம்1, எம்2 சில்லுகள் உள்ள மேக்புக் ஏர் வெளித்திரை ஒன்றை மட்டுமே ஏற்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நான் மிகவும் விரும்புவது மானிட்டரைச் செங்குத்தாக நிறுத்திப் படிப்பதை. 15.6 அங்குலத் திரையின் குறுகிய பக்கம் 19.4 சென்டிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஆகவே செங்குத்தாக நிறுத்தினால், ஸ்கேன் செய்த பத்திரத்தின் முழுப் பக்கமும் அசல் அளவில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் ஒரே பார்வையில் கிடைக்கிறது. வில்லங்கச் சான்றில் சர்வே எண்ணையும் எல்லைகளையும் பத்திரத்தோடு ஒத்துப்பார்க்கும்போது மேலும் கீழும் உருட்ட வேண்டியதே இல்லை. மேசையில் அது அடைக்கும் இடமும் பாதியாகிறது. இதற்காகவே, மடித்துத் தாங்கவைக்கும் காந்த உறையை நம்பாமல், பின்புறத்தில் உலோகத் தாங்கி பொருத்திய மாடலைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். உறை இரண்டு கோணங்களில் மட்டுமே நிற்கும். வழவழப்பான சன்மைக்கா மேசையில் சறுக்கிக் கவிழ்ந்துவிடும், மடிப்பு ஓரங்களும் நாளடைவில் பிய்ந்துபோகின்றன. தாங்கி இல்லாத மானிட்டர் ஏற்கெனவே கையில் இருந்தால், சமையல் குறிப்புப் புத்தகம் வைக்கப் பயன்படும் மடக்குத் தாங்கி ஒன்று போதும்.

பையில் வைக்கும் முறை மானிட்டரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. திரையின் முகத்தை மடிக்கணினியின் தட்டையான மூடியை ஒட்டி வைத்து, சார்ஜரை வேறு அறையில் வைக்க வேண்டும். பேருந்தின் மேல்தட்டில் மற்ற மூட்டைகள் அழுத்தும்போது சார்ஜரின் முனை திரையில் குத்தினால், உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது, திரையை மாற்றும் செலவோ புது மானிட்டரின் விலைக்கு அருகில் வந்துவிடும். டைப்-சி துளையும் காலப்போக்கில் தளர்கிறது. கேபிளின் எடை துளையில் தொங்காதபடி எல் வடிவ முனையுள்ள கேபிளைப் பயன்படுத்தத் தொடங்கியபின் என் மானிட்டரில் படம் விட்டுவிட்டு வருவது நின்றது.

வாங்கியவர்கள் திருப்பியனுப்பும் கால அவகாசம் முடிவதற்குள் சிலவற்றைச் சோதித்துவிட வேண்டும். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திறந்து செத்த புள்ளிகளும் (வேலை செய்யாத பிக்சல்கள்) ஓரங்களில் ஒளிக்கசிவும் உண்டா என்று இருட்டறையில் பாருங்கள். சார்ஜர் இல்லாமல், மடிக்கணினியின் மின்சாரத்தில் மட்டும், முழு வெளிச்சத்தில் ஓரிரு மணி நேரம் ஓடவிடுங்கள். இடையில் அணைந்து எரிந்தால் தயங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம். கேபிளை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கியைச் சோதிக்க நேரம் செலவிட வேண்டாம். இந்த விலையில் எல்லாவற்றிலும் அது பெயருக்குத்தான் இருக்கிறது.