மூன்று நடை நடந்து வாங்கிய பூட்ஸ்

இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் எனக்கு எழுதத் தோன்றுவது ஒன்றுதான்: என் குதிரையேற்ற பூட்ஸ்.

எனக்கு மெலிந்த கெண்டைக்கால். சுற்றளவு 32 சென்டிமீட்டர். இங்கே கிடைக்கும் ரெடிமேட் பூட்ஸில் பாதத்தின் அளவு கூடக் கூடக் கெண்டைப் பக்கமும் அகலமாகிக்கொண்டே போகும். பாதத்துக்குச் சரியானது மேலே தொளதொளவென்று நிற்கும், மேலே பிடிப்பதை எடுத்தால் விரல் மடங்கும். இணையத்தில் வாங்கி மூன்று ஜோடியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அலுத்துப்போய் நான்காவதை வைத்துக்கொண்டேன். அதன் மேல் விளிம்பு சேணத்தில் போய் மாட்டும். கால் வைக்கும் அங்கவடியின் வார் அழுத்துகிற இடத்தில் பூட்ஸ் மடிந்து காலைக் கிள்ளும். ஒரு மணி நேரம் சவாரி செய்தால் கெண்டையில் சிவந்த கோடு விழும்.

அதைப் பெட்டியில் போட்டு ஊருக்கு எடுத்துப் போனேன். சின்ன வயதில் எனக்குப் பள்ளிக்கூட ஷூ தைத்துத் தந்த பெரியவர் இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கெண்டை 32 சென்டிமீட்டர் ஐயா, அந்த அளவுக்குப் பிடிச்சுத் தந்தா போதும்."

"நின்னுகிட்டு எடுத்த அளவாம்மா?"

"ஆமா."

"குதிரையில உக்காந்துதானே போவ?"

மறுநாள் சாயங்காலம் வரச் சொன்னார். காலையில் எடுத்த அளவு பொழுது சாயும்போது இறுக்குமாம். சவாரிக்குப் போடும் பேண்ட்டும் காலுறையும் போட்டு வரவேண்டும் என்றார். ஸ்டூலில் உட்காரவைத்து, முட்டியை மடக்கி, பாதத்தைத் தரையில் பதியவைத்து, கணுக்காலில் இருந்து முட்டி மடிப்பு வரை இரண்டு இஞ்சுக்கு ஓர் அளவாக எடுத்தார். பருத்த இடத்தில் வலது கால் 33, இடது 32.5. எல்லாவற்றையும் ஓர் அட்டையில் பென்சிலால் குறித்தார். இத்தனை ஜோடி வாங்கியும் இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கவேண்டும் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.

அப்புறம் நமக்குத் தெரிந்த கதைதான். வியாழன் என்றார். வியாழன் போனால் சனி என்றார். இங்கே ஆர்டர் செய்த பொருள் எந்த ஊரைத் தாண்டுகிறது என்று போனிலேயே தெரியும். அங்கே போய் நின்றால்தான் உண்டு. ஞாயிறு விடியற்காலை எனக்கு ஃபிளைட். சனிக்கிழமை மதியம் போனால் இரண்டு பூட்ஸிலும் ஜிப் பிரிந்து கிடக்கிறது! ஆத்திரத்தில் சத்தமே போட்டுவிட்டேன்.

அவர் வெட்டிய துண்டுகளை எடுத்துக் காட்டினார். முதலில் ஒரு பக்கம் மட்டும் வெட்டித் தைத்திருக்கிறார். பின்னால் நேராக ஓடவேண்டிய ஜிப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அதனால் தைத்ததைப் பிரித்து, ஜிப்பின் இரு பக்கமும் சமமாக வருமாறு வெட்டியிருந்தார். மேலே அதிகம், கீழே இறங்க இறங்கக் குறைவு, கணுக்காலில் துளிகூட இல்லை. அங்கே பிடித்தால் பாதமே நுழையாது. அவசரப்படுத்தியதற்கு வெட்கப்பட்டேன்.

இரவு ஒன்பது மணிக்குக் கையில் தந்தார். ஜிப்பை மூடப் பலம் வேண்டியிருந்தது. மேல் விளிம்பு முட்டிக்குப் பின்னால் குத்தியது. "கணுக்கால்ல மடிப்பு விழுந்தா தன்னால இறங்கும், அதுவரைக்கும் குதிகாலுக்கு அடியில அட்டை வச்சுக்க" என்றார்.

திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. நேற்று அட்டையை எடுத்துவிட்டேன். காலில் கோடு இல்லை.