பூட்டன் ஊரைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று 4,800 வெள்ளி பறித்துவிட்டார்கள். ஏமாறாதீர்கள்

நேற்று மாலைதான் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறப்போட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். மலேசியாவில் இருந்துகொண்டு தமிழ்நாட்டில் பூர்வீக ஊரைத் தேடுகிறவர்கள் எல்லாரும் தயவுசெய்து படியுங்கள். நான் இழந்தது 4,800 மலேசிய வெள்ளி (ரிங்கிட்). ஓய்வூதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். என்னென்ன பார்த்து நடக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு வயது 84. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அவருடைய தாத்தா, அதாவது என் பூட்டன், 1913 வாக்கில் கங்காணியோடு (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவருகிறவர்) கப்பலேறி வந்தார் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். நாகப்பட்டினத்தில் ஏறினாராம். பினாங்கில் இறங்கியதும் ஜெரஜாக் தீவில் சில நாள் அடைத்துவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பினார்களாம். தீவில் கொடுத்த கஞ்சியில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது என்பதுவரை அப்பா சொல்வார். ஆனால் ஊர்ப் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. "பரமத்திக்குப் பக்கம், ஆத்தோரம்." அவ்வளவுதான் மிஞ்சியது. குலதெய்வம் அண்ணமார், கொங்கு நாட்டுச் சாமி. எழுத்து தேய்ந்துபோன ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயர்தான் இருக்கிறது, ஊர் இல்லை.

போன வருடம் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அதிலிருந்து அடிக்கடி ஒன்றே ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். "ஊர்ப் பேரு தெரியாமலே போயிடுவேன் போலிருக்கும்மா." இதைக் கேட்டுக்கொண்டு எந்த மகளால் சும்மா இருக்க முடியும்?

அந்த நேரத்தில்தான் சமூக ஊடகத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வேர் தேடித் தரும் சேவை. பழைய கப்பல் படம், லயத்து வீட்டுப் படம், "உங்கள் முன்னோர் எந்தக் கப்பலில், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று ஆவணத்தோடு தருகிறோம்" என்ற வாசகம். பெயரை எழுத மாட்டேன், புகார் விசாரணையில் இருக்கிறது. இந்த மாதிரி ஒன்று இல்லை, பல இருப்பதாக இப்போது தெரிகிறது.

விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிய இரண்டாம் நாள் ஒருவர் போனில் அழைத்தார். பேச்சு அசல் நம் தோட்டத்துத் தமிழ். "அக்கா, என் பாட்டியும் பால் மரம் வெட்டுனவங்கதான்" என்றார். அப்பாவின் உடல்நிலையை விசாரித்தார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "நீங்க சொல்ற பக்கத்தைப் பார்த்தா, உங்க குலதெய்வம் அண்ணமாரா இருக்கணுமே?" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. விண்ணப்பத்தில் குலதெய்வத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இவர் விஷயம் தெரிந்த ஆள், கொங்கு நாட்டை அலசிப் பார்த்தவர் என்று அந்த ஒரு நொடியில் முடிவு கட்டிவிட்டேன். அன்றே 1,200 வெள்ளி முன்பணம் அனுப்பினேன்.

அண்ணமார் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை போன வாரம்தான் கண்டுபிடித்தேன். விண்ணப்பம் போடுவதற்கு இரண்டு வாரம் முன்னால், அவர்களுடைய விளம்பரத்துக்குக் கீழேயே நான் கேட்டிருக்கிறேன்: "அண்ணமார் கோயில் இருக்கும் ஊர்களில் தேட முடியுமா?" என் கேள்வியைப் படித்துவிட்டு எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறார். நான் எழுதியதே எனக்கு மறந்துவிட்டது.

ஐந்து வாரம் கழித்து, "கண்டுபிடிச்சிட்டோம் அக்கா!" என்று செய்தி வந்தது. முழு ஆவணமும் முத்திரையிட்ட நகலும் வேண்டுமென்றால் இன்னும் 3,600 வெள்ளி கட்ட வேண்டும். சென்னையில் ஆவணக் காப்பகத்தில் ஆள் வைத்து எடுத்தது, அங்கே பணம் கட்டினால்தான் வெளியே விடுவார்கள் என்றார். அனுப்பினேன். மொத்தம் 4,800 வெள்ளி.

கூரியரில் அழகான உறை வந்தது. பழுப்பேறிய மாதிரி அச்சிட்ட தாள். காலனி எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. என் பூட்டன் பெயர், அவருடைய அப்பா பெயர், காவிரிக்கரையில் ஒரு கிராமத்தின் பெயர். அந்தக் கிராமத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, அந்த ஊர்க்காரர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். கப்பல் ரஜூலா, 1913 டிசம்பர், போர்ட் சுவெட்டன்ஹாமில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) இறங்கியதாக எழுதியிருந்தது.

அப்பா அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி மேடையில் வைக்கச் சொன்னார். ஊர்ப் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் கேட்டார், "தீவைப் பத்தி ஒண்ணும் எழுதலையா? பினாங்குல இல்ல இறங்குனாங்க?" நான்தான், "அதெல்லாம் அந்தக் காலத்துல மாத்திச் சொல்லியிருப்பாங்கப்பா" என்று அவர் வாயை அடைத்தேன். 84 வயது மனிதர் சரியாகப் பிடித்தார், நான் தட்டிவிட்டேன். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அடுத்த மாதம் மறுபடியும் அழைப்பு. அந்தக் கிராமத்து அண்ணமார் கோயிலுக்குத் திருப்பணி நடக்கிறதாம், "உங்க பங்காளிங்க எல்லாம் எதிர்பார்க்கிறாங்க", 2,000 வெள்ளி அனுப்பினால் அப்பா பெயரைக் கல்லில் பொறிப்பார்களாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பங்காளி யார், பேர் என்ன, போன் நம்பர் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்றேன். "அங்கே சிக்னல் கிடைக்காது அக்கா" என்றார்.

என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு பல்கலைக்கழகத்தில் வரலாறு எடுத்த மாணவர் ஒருவர் இருக்கிறார். தாளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார்.

"டீச்சர், ரஜூலா கப்பலை கிளாஸ்கோவுல கட்டுனதே 1926லதான். 1913ல அது எப்படி வரும்?"

அப்புறம் வரிசையாகச் சொன்னார். தாளில் "ஜில்லா: நாமக்கல்" என்று இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997ல். மேலே தலைப்பில் "தமிழ்நாடு" என்று இருந்தது. 1913ல் அது மெட்ராஸ் மாகாணம், தமிழ்நாடு என்ற பெயர் நடப்புக்கு வந்ததே 1969ல். இருபத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். இது மூன்றுமே என் கண்ணில் படவில்லை. ஊர்ப் பெயரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் அவர்தான் சொன்னார். அது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல் வடிவம். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அங்கே போனார்கள். ஆளுக்கொரு காலனி எண் போட்டு, தந்தை பெயர், கிராமம் வரை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வம்சத்தார் பலர் இதை வைத்துத்தான் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். மலாயாவுக்கு வந்தவர்கள் கதை வேறு. இங்கே ஒப்பந்த முறை 1910ல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி ஊருக்குப் போய் உறவையும் அக்கம்பக்கத்தையும் கூட்டிவந்த ஆட்கள், ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்தவர்கள் இல்லை. நேட்டால் பட்டியலை எதிர்பார்த்து மலாயா ஆளைத் தேடக் கூடாது டீச்சர் என்றார். ஆக, நிஜமான மனிதர்களின் பட்டியலை எடுத்து, கட்டத்துக்குள் என் பூட்டன் பெயரை அடித்து 4,800 வெள்ளிக்கு எனக்கு விற்றிருக்கிறார்கள்.

திரும்ப அழைத்தேன். முதல் தடவை, "பழைய பேரை இப்ப இருக்கிற மாவட்டப் பேருக்கு நாங்கதான் மாத்தி டைப் பண்ணோம், உங்களுக்குப் புரியறதுக்காக" என்றார். அப்படியென்றால் முத்திரையிட்ட நகல் என்று எதற்கு 3,600 வெள்ளி வாங்கினீர்கள் என்றேன். மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டாம் தடவை, ரஜூலா என்று அதற்கு முன்னால் வேறொரு கப்பல் இருந்ததாம், அதற்கு ஆதாரம் அடுத்த வாரம் வருமாம். வரவில்லை. மூன்றாம் தடவை வேறொரு பெண் எடுத்து, "அந்தத் தம்பி வேலையை விட்டுப் போயிட்டாரு, நாங்க புது நிர்வாகம்" என்றார். நான்காம் தடவை, "எங்க விதிமுறையில ஆராய்ச்சிக் கட்டணம் திருப்பித் தரப்படாதுன்னு போட்டிருக்கு, படிக்காம கட்டுனது உங்க தப்பு." அதற்குப் பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்கள். மருமகன் எண்ணிலிருந்து அழைத்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். அந்த விளம்பரத்துக்குக் கீழே நான் எழுதிய எச்சரிக்கை ஒரு மணி நேரத்தில் அழிக்கப்பட்டது. விளம்பரம் மட்டும் இன்றைக்கும் ஓடுகிறது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தாள் சாமி மேடையிலேயே இருக்கிறது. காலையில் விபூதி வைக்கும்போது அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறார்.

விவரமாக ஆலோசனை எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள். குலதெய்வம், ஊர், பங்காளி பெயர் எதையும் பொதுவில் எழுதாதீர்கள், அதையே வைத்துத்தான் நம்மை மடக்குகிறார்கள். எந்தத் தாள் கொடுத்தாலும் கப்பல் பெயர், வருடம், மாவட்டம் மூன்றையும் முதலில் ஒத்துப் பாருங்கள். எந்தக் காப்பகம், எந்தக் கோப்பு, எத்தனையாவது பக்கம் என்று கேளுங்கள், சொல்லத் தெரியாவிட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் அனுப்புவதற்கு முன் அந்த வங்கிக் கணக்கு எண்ணை மோசடிக் கணக்கா என்று காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். அனுப்பிவிட்டீர்களா, அந்த நிமிடமே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். நான் பல வாரம் தாமதித்துவிட்டேன். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு முதலில் நீங்களே போய்க் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத் தட்டாதீர்கள், பதிவுசெய்து வையுங்கள்.

இதே மாதிரி பழுப்புத் தாளில், காலனி எண் போட்ட கட்டத்தோடு, ரஜூலா என்று போட்டு யாருக்காவது வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். தாளையும் உறையையும் தூக்கிப் போடாதீர்கள், வங்கி ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். இன்னும் இரண்டு பேர் புகார் கொடுத்தால்கூடச் சேர்த்து விசாரிக்க வசதியாக இருக்கும் என்று நேற்று அந்த அதிகாரி சொன்னார். திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.