ஃபோட்டோ ராக் 308: அம்மாவின் கிணற்றடிப் படத்துக்கு நாலு நகல்

அம்மா வரைந்ததில் வீட்டில் எல்லாருக்கும் வேண்டியது ஒரே ஒரு படம்தான். கிணற்றடியில் பிற்பகல் வெயில், கைப்பிடிச் சுவரின் நிழல் சரிந்து விழுந்திருக்கும், ஓரத்தில் கவிழ்த்து வைத்த வாளி. 38க்கு 28 சென்டிமீட்டர், நீர்வண்ணம். பிள்ளைகள் நாங்கள் நாலு பேர். அசல் அம்மாவிடமே இருக்கட்டும், ஆளுக்கொரு நல்ல நகல் எடுத்துக்கொள்வோம் என்று பேசி முடித்தோம். அந்த வேலையை நான் ஆசையோடு கேட்டு வாங்கிக்கொண்டேன். ஹானெமூலே கம்பெனியின் ஃபோட்டோ ராக் 308 தாளை A3+ அளவில் ஒரு பெட்டி வாங்கி, பெரும்பகுதியைத் தீர்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

இதே படத்தைச் சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து நகல் எடுத்தோம். பளபளப்பான ஃபோட்டோ தாள், டை மை (கரைந்த சாயம்). வாங்கி வந்த அன்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்த அது மெல்ல மெல்ல வெளிறி, நிழலும் சுவரும் ஒன்றாகிவிட்டன. கடைக்காரர் நிறத்தைத் தூக்கலாக்கித்தான் கொடுத்திருந்தார் என்பதும் அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு இரண்டு விஷயத்தில் பிடிவாதம்: பிக்மென்ட் மை (கரையாத நிறத்துகள் கொண்டது, எளிதில் வெளிறாது), பருத்தித் தாள்.

இந்த வகை அச்சை ‘ஜிக்லே’ என்று விற்பார்கள். 1991இல் ஜாக் டுகான் வைத்த பெயர் அது. பீச்சுவது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தார். அவர் வேலை பார்த்த நாஷ் எடிஷன்ஸில் அப்போது இருந்தது ஐரிஸ் என்ற இங்க்ஜெட் இயந்திரம். அச்சகங்கள் முன்மாதிரி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது அது. அதன் ஆரம்பகால மைகள் சீக்கிரம் வெளிறுபவை. அதனால் ஜிக்லே என்று சொன்னாலே நீடித்து உழைக்கும் என்று நம்பிவிட முடியாது. யாரிடமாவது அச்சுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், என்ன மை, என்ன தாள் என்று இரண்டையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் படத்தைக் கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

தாளுக்கு வருவோம். ஹானெமூலே 1584 முதல் ஜெர்மனியில் காகிதம் செய்யும் ஆலை. ஃபோட்டோ ராக் நூறு சதவீதம் பருத்தி, சதுர மீட்டருக்கு 308 கிராம், கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் கனம். ஒரு தாளை எடுத்து மூலையைச் சுண்டினால் அட்டை மாதிரி சத்தம் வராது, கனத்த துணி மாதிரி மந்தமான ஒலிதான். வெண்மை கண்ணைக் குத்தாது. மேற்பரப்பு வழவழப்பு என்றும் சொல்ல முடியாது, சொரசொரப்பு என்றும் சொல்ல முடியாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் கம்பளி போட்டு அழுத்தியது போல மெல்லிய மேடு பள்ளம் தெரியும். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும்.

நீர்வண்ணத்துக்கு இதைவிடச் சொரசொரப்பான தாள்தானே பொருத்தம் என்று நானும் முதலில் நினைத்தேன். அதே கம்பெனியின் வில்லியம் டர்னர் என்ற தாளை ஒரு நண்பரிடம் கேட்டு வாங்கி அச்சிட்டும் பார்த்தேன். அழகான தாள். ஆனால் அம்மா வரைந்த தாளின் மேடு பள்ளம் ஏற்கெனவே புகைப்படத்தில் பதிந்திருந்தது. வண்ணம் குழிகளில் தேங்கி மணல் மணலாக நிற்கும் இடமெல்லாம் படத்திலேயே இருக்கிறது. அதைக் கொண்டுபோய் இன்னொரு சொரசொரப்பின் மேல் அச்சிட்டபோது இரண்டும் ஒன்றோடொன்று மோதின. ஃபோட்டோ ராக்கில் அந்தத் தொல்லை இல்லை. அசலின் மேடு பள்ளத்தை அது காட்டிக் கொடுத்தது, தன்னுடையதை நடுவில் கொண்டுவரவில்லை. நான் இந்தத் தாளை மெச்சுவதற்கு முதல் காரணம் இதுதான்.

தாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எடுத்த படம் சரியில்லை என்றால் வீண். இரண்டு விளக்குகள், இரண்டும் ஒரே வகை பல்பு, படத்துக்கு 45 டிகிரியில். கேமராவும் படமும் இணையாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கண்ணாடி போதும்: படத்தின் நடுவில் வைத்து வ்யூஃபைண்டரில் பார்த்தால் லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பிறகு அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தும் படம் எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் மூலைகளில் எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் பார்த்துத் திருத்த அது உதவியது. 24 நிறக் கட்டங்கள் உள்ள கலர்செக்கர் அட்டை ஒன்றும் ஓரத்தில் இருந்தது. என் கேமரா 24 மெகாபிக்சல்தான். இந்த அளவுப் படத்தை அதே அளவில் அச்சிட அங்குலத்துக்கு 340 பிக்சலுக்குக் குறையாமல் கிடைத்தது. 300 இருந்தாலே தாராளம்.

என்னை வாட்டி எடுத்தது அந்த நிழல்தான்.

அம்மா நிழலுக்குக் கோபால்ட் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலப்பாள். ஈரம் காயும்போது இரண்டும் பிரிந்து, ஓரத்தில் நீலமும் நடுவில் சாம்பலுமாக நிற்கும். கண்ணுக்கு அது குளிர்ச்சியான நிழல். ஆனால் கேமராவில் கத்தரிப்பூ நிறமாக வந்து உட்கார்ந்திருந்தது. விளக்கை மாற்றினேன், ஒயிட் பேலன்ஸை மாற்றினேன், மானிட்டரை மறுபடி காலிப்ரேட் செய்தேன். அசையவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கோபால்ட் நீலம் சிவப்பின் கடைக்கோடியில் உள்ள ஒளியையும் நிறையவே திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணுக்கு அந்த ஒளி ஏறக்குறையத் தெரியாது. கேமரா சென்சாருக்குக் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது, அதைச் சிவப்பு என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. நிற அட்டையை வைத்துச் செய்யும் பொதுத் திருத்தம் இதைத் தீர்க்காது. அந்த நீலம் இருக்கும் இடங்களை மட்டும் தனியாகத் தேர்ந்து கையால் திருப்பித்தான் ஆக வேண்டும்.

நான் செய்தது இவ்வளவுதான்: நிழலும் சுவரும் சேரும் நாலு சென்டிமீட்டர் இடத்தை மட்டும் வெட்டி, ஒரு தாளில் ஆறு தடவை, ஒவ்வொன்றிலும் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைப் பக்கம் தள்ளி அச்சிட்டேன். ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று பென்சிலால் எண் போட்டு, இரவு முழுக்கக் காயவிட்டேன். இது போன்ற மேட் (பளபளப்பில்லாத) தாளில் வந்த உடனே பார்க்கும் நிறமும் காய்ந்த பிறகு பார்க்கும் நிறமும் ஒன்றல்ல. ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காலையில் துண்டுகளை வெட்டி, அசலின் மேல் படாமல் பக்கத்தில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நாலாவது துண்டு அசலோடு கலந்துவிட்டது. எங்கே அசல் முடிகிறது, எங்கே துண்டு தொடங்குகிறது என்று ஒரு கணம் கண் தடுமாறியது. அந்த நிமிஷம் கிடைத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அதே துண்டை ராத்திரி எல்இடி விளக்கில் பார்த்தால் லேசாகப் பச்சை அடித்தது. அசலின் வண்ணமும் பிரின்டரின் மையும் வேறு வேறு பொருள்கள், எல்லா விளக்கிலும் ஒத்துப்போகாது. படம் பகல் வெளிச்சத்தில் மாட்டப்படப் போகிறது என்பதால் பகலுக்கே சரிபார்த்தேன்.

அச்சிடும் பகுதியில் பெரிய சிரமம் இல்லை. பத்து பிக்மென்ட் மைகள் கொண்ட 17 அங்குல பிரின்டர். தாளுக்கும் பிரின்டருக்கும் பொருந்தும் ப்ரொஃபைலை (நிறம் சரியாக விழ வழிகாட்டும் கோப்பு) தாள் கம்பெனியே இலவசமாகத் தருகிறது. அதோடு எந்த மீடியா செட்டிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும், அதை அப்படியே பின்பற்றுங்கள். நிறத்தைச் சாஃப்ட்வேர் கவனித்துக்கொள்ளட்டும், பிரின்டர் டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் திருத்தினால் நிறமே மாறிப்போகும். ஒரு முழுத் தாளை அப்படிப் பறிகொடுத்தவன் சொல்கிறேன். மேட் பிளாக் மைதான் இதற்கு.

பருத்தி மேட் தாள் எதுவானாலும் ஒரு குணம் உண்டு: மேலே நார்த் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மை அதன் மேல் விழுந்து, பிறகு துணுக்கு உதிர்ந்தால் அங்கே வெள்ளைப் புள்ளி. என் இரண்டாவது அச்சில் வாளியின் இருட்டுப் பக்கத்தில் அப்படி ஒன்று விழுந்தது, நான் தூசி தட்டாமல் போட்டதால். இப்போது ஒவ்வொரு தாளையும் செங்குத்தாகப் பிடித்து, மெல்லிய அகலத் தூரிகையால் இரண்டு தடவை வருடிவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். மூலை சுருண்டிருந்தால் மை பீச்சும் ஹெட் உரசும். முதல் நாளே கனமான புத்தகத்தின் அடியில் வைத்து நேராக்கிவிடுங்கள். அச்சிட்ட பரப்பில் விரல் நகம் பட்டால் கூடத் தடம் விழும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதானால் இடையில் அமிலமற்ற மெல்லிய தாள் வேண்டும். சட்டத்துக்குள் போனால்தான் இந்தத் தாள் பத்திரம்.

கறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட் தாளில் மிக ஆழ்ந்த கறுப்பின் அடர்த்தி 1.6, 1.7 அளவில் நின்றுவிடும். பளபளப்புள்ள பரைட்டா தாள்களில் 2.3ஐத் தாண்டும். எண்ணெய் வண்ணப் படம், வார்னிஷ் பூசிய இருட்டுப் பின்னணி, இதெல்லாம் இதில் புகைமூட்டமாகத் தெரியும். அதற்கு இதை வாங்காதீர்கள். நீர்வண்ணத்தில் அவ்வளவு கறுப்பே கிடையாது. அம்மாவின் படத்தில் மிக இருண்ட இடம் வாளியின் வாய், அதுவே நன்றாக வந்துவிட்டது. தங்கப் பொடி, ஒளிரும் இளஞ்சிவப்பு போன்றவற்றை எந்தத் தாளிலும் சாதாரண இங்க்ஜெட் மைகள் கொண்டுவராது. தங்கம் மஞ்சள் கலந்த பழுப்பாகத்தான் விழும்.

இன்னொன்று, இந்தத் தாளில் வெண்மையைக் கூட்டும் ஒளிர்பொருள் கொஞ்சம் சேர்க்கிறார்கள். அளவு குறைவுதான். அறவே கூடாது என்று நினைப்பவர்களுக்கு, அது இல்லாத மியூசியம் எட்சிங் தாள் அதே கம்பெனியில் இருக்கிறது. நிறம் கொஞ்சம் பழுப்பாக, கனமாக இருக்கும்.

முதல் முழு அச்சைக் காயவைத்து அம்மாவிடம் எடுத்துப் போனேன். ரொம்ப நேரம் பார்த்தாள். நிழலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பென்சில் கோடெல்லாம் எங்கடா போச்சு?” என்றாள். எனக்கு முதலில் புரியவே இல்லை. அசலைக் கொண்டுவந்து காட்டினாள். கிணற்று விளிம்பின் வளைவுக்கு அவள் மூன்று தடவை கோடு போட்டுப் பார்த்திருக்கிறாள். மூன்றாவதைத்தான் வண்ணம் பின்தொடர்கிறது. மற்ற இரண்டும் வெயில் விழுந்த வெற்றிடத்தில் மெல்லிசாக நின்றுகொண்டிருந்தன. வருடக்கணக்கில் பார்த்த படம், அந்தக் கோடுகளை நான் கவனித்ததே இல்லை.

தவறு என்னுடையது. அசலின் தாள் வயதாகி லேசாகப் பழுத்திருந்தது. அழகாக இருக்கட்டுமே என்று அந்தப் பழுப்பைச் சுத்த வெள்ளையாகத் தள்ளியிருந்தேன். கோடுகளும் அதோடு சேர்ந்து கரைந்துவிட்டன. திரும்பப் போய் அந்தத் திருத்தத்தை முழுவதும் நீக்கினேன். தாளின் பழுப்பையும் படத்தின் பகுதியாகவே அச்சிட்டேன். சுற்றிலும் ஃபோட்டோ ராக்கின் சொந்த வெண்மை ஓரமாக நின்றது. இரண்டு வெண்மைக்கும் உள்ள வித்தியாசத்தில் படம் எங்கே தொடங்குகிறது என்று தானாகத் தெரிந்தது. பென்சில் கோடு மூன்றும் வந்தன. வளைவில் கோடு அழுந்திய இடம், கை தூக்கிய இடம் எல்லாம். இந்தத் தாளை நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான். இருட்டில் ஆழம் காட்டும் தாள்கள் எத்தனையோ உண்டு. இவ்வளவு வெளிச்சமான இடத்தில், இவ்வளவு மெல்லிய சாம்பலை விட்டுவிடாமல் பிடித்து நிறுத்தியதைப் பார்த்து நெகிழ்ந்துபோனேன். நீங்களும் அச்சுக்கு முன் அந்த வெற்றிடங்களைத்தான் முதலில் பெரிதாக்கிப் பாருங்கள்.

நாலு பிரதியும் ஒரு வாரத்தில் முடிந்தன. பின்பக்கம் மையின் பெயர், தாளின் பெயர், வருடம் எல்லாம் மென்மையான பென்சிலால் நான் எழுதினேன். பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் மேடு தட்டும். கையெழுத்தை அம்மா போட்டாள், முன்பக்க ஓரத்தில், பக்கத்திலேயே ‘நகல்’ என்று. அப்படி எழுத வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. கடைசித் தம்பிக்கு அனுப்ப வைத்திருந்த பிரதியில் மட்டும் அந்தச் சொல் விட்டுப்போயிருந்தது. பொட்டலம் கட்டி ஒட்டிய பிறகு அவளுக்கே ஞாபகம் வந்து, பிரிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள்.